சட்டையைப் புரட்டுகிற கை

கடல் ஒருபக்கமும் உப்பளம் மறுபக்கமுமாக இருக்க, நடுவில் நிற்கிற தூத்துக்குடி ஹவுசிங் போர்டு குடியிருப்பில், சி பிளாக்கின் மொட்டைமாடியில், தண்ணீர் வந்த ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில், சண்முகக்கனி தன் வீட்டுக்காரர் கண்ணாயிரத்தின் கட்டம்போட்ட சட்டையைத் துவைப்பதற்காக உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டியபோது, அந்தச் சட்டைக்குள்ளிருந்து கண்ணாயிரத்தின் குரல், "ரசத்துல இன்னைக்கும் புளி கூடிப்போச்சு" என்று சொன்னது.

கண்ணாயிரம் அந்நேரம் பஜாரில் இரும்புக்கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். சண்முகக்கனி இடுப்பில் கை வைத்து, அடுத்த கல்லில் துவைத்துக்கொண்டிருந்த ரெஜினாளைத் திரும்பிப் பார்த்தாள்.

"எக்கா, கேட்டியளா?"

"கேட்டேன்."

"அவிய குரல்தான?"

"அவரு குரல்தான்."

"பாருங்கக்கா. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா புளியக் கொறச்சிருக்க மாட்டனா? சட்டைகிட்ட சொல்லியிருக்காவ."

சட்டை பேசியதைப் பற்றி அவளுக்கு ஒன்றும் இல்லை, ரசத்தைப் பற்றித்தான் மனத்தாங்கல். சோப்பைப் போட்டு நுரை வரத் தேய்த்தாள், அலசினாள், உதறிக் கொடியில் போட்டாள். அதன்பின் அந்தச் சட்டை பேசவில்லை. சொல்ல இருந்ததைச் சொல்லி முடித்த ஆளைப்போல லேசாகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அன்று இரவு கண்ணாயிரத்துக்குப் புளி குறைந்த ரசம் கிடைத்தது. கிடைத்ததும் அவர் பயந்துபோனார்.

அந்த வாரத்துக்குள் எல்லா பிளாக்கிலும் துணிகள் பேச ஆரம்பித்திருந்தன. உடுத்தியிருக்கும்போது நாக்கு நுனிவரை வந்து, வேண்டாம் என்று முழுங்கிய பேச்செல்லாம் துணியின் உள்பக்கத்தில் வேர்வையோடு ஒட்டிக்கொண்டு, புரட்டும்போது உடுத்தியவர் குரலிலேயே ஒருதரம் வெளியே வந்து, நுரையோடு போய்விடுகிறது என்று கண்டுகொண்டார்கள். ஏன் இப்படி என்று யாரும் ரொம்ப யோசிக்கவில்லை. புது சோப்பினால்தான் என்று சிலர் பழைய சோப்புக்கு மாறினார்கள். குழாய்த் தண்ணீரில் உப்பு கூடிவிட்டது என்றார்கள் சிலர். இந்த ஊரில் எது நடந்தாலும் உப்பைச் சொல்லிவிடலாம். அதற்குமேல் யாருக்கும் நேரமில்லை, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் கிளம்ப வேண்டும், உலையில் அரிசி கொதிக்கிறது.

பள்ளிச்சீருடைகள், தெரிந்தும் கை தூக்காமல் இருந்த பதில்களைச் சொல்லின. ஏ பிளாக்கில் இருந்த ஏட்டையாவின் காக்கிச் சட்டையைப் புரட்டினால் ரோட்டில் அவர் அதட்டிய ஒவ்வொருவரிடமும் "தப்பா எடுத்துக்காதீங்க" என்று வரிசையாக மன்னிப்புக் கேட்டது, அதைக் கேட்டுக் கேட்டு அவர் சம்சாரம் கல்லில் அடிக்காமல் கையாலேயே கசக்கிப் பிழிந்தாள். ஜாக்கெட்டுகள் சின்னவை என்பதால் நறுக்கென்று ஒன்றிரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டன. நைட்டிகள்தான் நீளத்துக்குத் தக்கபடி பேசின. பெண் பார்க்கப் போகிற வீட்டில், காபி டம்ளரைக் கொடுக்குமுன் பெண் வீட்டார் மாப்பிள்ளையின் அழுக்குச் சட்டை ஒன்றைக் கேட்டு வாங்கிப் புரட்டிப் பார்க்கிற வழக்கம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் துவைத்த சட்டையைக் கசக்கிக் கொடுத்து ஏமாற்றப் பார்த்தார்கள், முகர்ந்து பார்த்தே பெண் வீட்டார் கண்டுபிடித்தார்கள். மாதா கோயிலில் பங்குச்சாமியார் இதைப் பற்றிப் பிரசங்கத்தில் நல்லதாகவும் சொல்லவில்லை, கெட்டதாகவும் சொல்லவில்லை. தன் அங்கியை மட்டும் அன்றிலிருந்து தானே துவைக்க ஆரம்பித்தார். ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது.

மரியாதையும் ஒன்று தானாக உண்டாயிற்று. மாடியில் ஒருத்தி துணியைப் புரட்டப்போகிறாள் என்றால் மற்றவர்கள் குழாயைப் பெரிதாகத் திறந்துவிடுவார்கள், அடுத்த வீட்டு விஷயம் தண்ணீர்ச் சத்தத்தில் கரைந்துபோகட்டும் என்று. தண்ணீர் வராத நாளில் அந்த மரியாதை கிடையாது. அந்த நாட்களில்தான் மாடியில் கூட்டம் அதிகம்.

சேலை கட்டுகிறவர்கள் மட்டும் கவலையில்லாமல் இருந்தார்கள். "சேலைக்கு ஏது உள்பக்கம்? எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே பக்கம்தான்" என்று அவர்கள் கொசுவத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னார்கள். ஜவுளிக்கடையில் அந்த மாதம் சேலை வியாபாரம் நன்றாக நடந்தது.

ரெஜினாள் சேலை கட்டுகிறவள். அதோடு, புரட்டாமல் துவைக்கிறவள். இந்த அதிசயம் வருமுன்பே குடியிருப்பில் இரண்டு கட்சியும் உண்டு. நம்ம ஊர் வெயிலுக்குப் புரட்டாமல் காயப்போட்டால் கருப்புச்சட்டை சாம்பலாகிவிடும், வேர்வை உள்ளேதானே இருக்கிறது, பொத்தானும் கல்லில் அடிபடாது என்பார்கள் புரட்டுகிறவர்கள். காலர் அழுக்கும் கைமடிப்பு அழுக்கும் வெளியே இருக்க, அதை உள்ளே தள்ளிவிட்டு எதைத் தேய்ப்பதாம் என்பாள் ரெஜினாள். துணிகள் பேசத் தொடங்கிய பிறகு அவளுக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. நம்மிடம் சொல்ல வேண்டாம் என்று ஒரு ஆத்மா நினைத்ததை நாம் எதற்குக் கேட்க வேண்டும்? ஜெபம் செய்கிறவள் அவள். விடியுமுன் எழுந்து ஜெபமாலை சொல்லி, பிள்ளைகள் பெயரை ஒவ்வொன்றாக மாதாவிடம் ஒப்படைத்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பாள். கேட்க வேண்டியதை மாதாவிடம் கேட்பாளே தவிர, சட்டையிடம் கேட்க மாட்டாள்.

ஆனால் புரட்டாமல் துவைத்த துணிக்கு ஒரு குணம் இருந்தது. பேச்சு உள்ளேயே தங்கித் தங்கி, துணி கனக்கத் தொடங்கியது. ஒவ்வொரு துவைப்புக்கும் ஒரு பிடி ஈரமணல் சேர்ந்ததுபோலக் கனம் கூடும். ரெஜினாளின் வீட்டுக்காரர் பர்னபாஸ், தோணியில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போய்வந்து ஓய்ந்தவர், தன் வெள்ளைச்சட்டையைப் போடும்போது இப்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போட்டார். "வயசாயிட்டுல்லா" என்பார். கொடியில் அவள் துணி காய்கிற இடத்தில் மட்டும் கயிறு தொய்ந்து தரையைத் தொட்டது.

அப்படி இருக்கும்போதுதான் கப்பலில் வேலை பார்க்கிற மகன் ஜெரால்டு லீவில் வந்தான்.

ஆட்டோக்காரர் அவன் பையைத் தூக்கப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "தம்பி, உள்ள நங்கூரத்தயா வச்சிருக்கிய?"

நங்கூரம் இல்லை. கப்பலின் எஞ்சின் அறையில் அவன் போடுகிற பாய்லர் சூட், கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே உடுப்பாகத் தைத்த ஆரஞ்சு நிறத் துணி. பர்னபாஸும் ஜெரால்டும் கண்ணாயிரமும் சேர்ந்து அதை மூன்றாம் மாடிக்குத் தூக்கினார்கள். பால்கனி ஆணியில் மாட்டினார்கள், ஆணி வளைந்தது. மூலையில் சாய்த்துவைத்தார்கள், அது ஆள் குந்தியிருப்பதுபோல அங்கே குந்தியிருந்தது.

பர்னபாஸுக்கு மகனைப் பற்றிச் சொல்லிச் சொல்லி மாளாது. "நான் தோணியில கொழும்பத் தாண்டுனதில்ல. எம் மகன் பனாமா தாண்டிட்டான்" என்பார் டீக்கடையில். அடுத்த கப்பலுக்கு ஆர்டர் வந்துவிட்டது என்பதையும், ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ரயிலில் ஏறுகிறான் என்பதையும், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லியிருந்தார்.

ஜெரால்டோ வந்த நாள்முதல் தோசையைப் பிய்த்து வைத்துக்கொண்டு தட்டையே பார்ப்பான். நெடுநெடுவென்று வளர்ந்த பிள்ளை, தோளில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோலக் குனிந்து நடந்தான்.

"என்னய்யா? உடம்புக்கு ஏதுமா?"

"ஒண்ணுமில்லம்மா."

அவன் ஒண்ணுமில்ல என்று சொல்லும்போதெல்லாம் பால்கனி மூலையில் அந்த உடுப்பு இன்னும் கொஞ்சம் அழுந்தி உட்கார்ந்தது. கீழே தரை ஓடு மெல்ல விரிசல் விடுகிற சத்தம் ரெஜினாளுக்குக் கேட்டது.

வியாழக்கிழமை அதைத் துவைத்தாள், எப்போதும்போலப் புரட்டாமல். நாலு பெண்கள் சேர்ந்து தூக்கிக் கொடியில் போட, கயிறு தாங்கியது, கயிறு கட்டியிருந்த இரும்புக்கம்பம் தாங்கவில்லை. வேரோடு மரம் சாய்வதுபோலச் சாய்ந்து, தண்ணீர்த்தொட்டியின் விளிம்பைத் தட்டி, எல்லார் வீட்டுத் துணியையும் தரையில் கிடத்திவிட்டது.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் சேர்மத்துரை மாடிக்கு வந்து கம்பத்தைப் பார்த்தார், உடுப்பைப் பார்த்தார், ரெஜினாளைப் பார்த்தார்.

"யக்கா, ஒங்கள ஒண்ணும் சொல்லக்கூடாதுன்னுதான் பாக்கேன். ஆனா நாளைக்கு இது தொட்டி மேல விழுந்தா எல்லாரும் குடத்தத் தூக்கிட்டு எங்க போறது? புரட்டாத துணிய இனி கொடியில போடக்கூடாதுன்னு சங்கத்துல பேசிட்டோம். ஞாயித்துக்கிழமைக்குள்ள இதப் புரட்டிருங்க."

"அது எம் மகன் துணில்லா தம்பி."

"ஒங்க மகன் துணிய நீங்க புரட்டாம வேற யாரு புரட்டுவா?"

அந்தக் குடியிருப்பில் ஆண்பிள்ளைகளின் சட்டைகளை அம்மாமாரும் சம்சாரங்களும்தான் புரட்டினார்கள். கழற்றிக் கட்டில் மேல் போட்டால் ஆண்களின் வேலை முடிந்தது, மறுபடி மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருக்கும். நடுவில் நடப்பது பெண்களுக்கும் வாளிக்கும்தான் தெரியும். அதனாலேதான் அந்த மாதம் குடியிருப்பில் அத்தனை சண்டையும். சட்டை பேசியதைப் பெண்கள் கேட்டார்கள், கேட்டதை அன்று சாயங்காலமே ஆண்களிடம் கேட்டார்கள், ஆண்கள் அடுத்த நாளிலிருந்து சட்டையில்லாமல் உட்கார்ந்து யோசித்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் பர்னபாஸும் அதையே சொன்னார்.

"புரட்டிரு ரெஜினா. ஈரம் காஞ்சு பையில வைக்கணும்லா. பிள்ள என்ன பெருசா மறைச்சிருக்கப் போறான்?"

"அப்ப ஒங்க சட்டையப் புரட்டவா?"

பர்னபாஸ் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் யாருமில்லாதபோது ரெஜினாள் பால்கனியில் அந்த உடுப்பின் முன்னால் உட்கார்ந்தாள். பெற்றவள் அல்லவா. கேட்காமல் அனுப்பினால் குனிந்த தோளோடு போகிற பிள்ளை கடலில் என்ன ஆவானோ. கையை மெதுவாக அந்த ஆரஞ்சுக் கைக்குள் விட்டாள். முழங்கைவரை போயிற்று. உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது, காய்ச்சல் கண்ட குழந்தையின் நெஞ்சைத் தொட்டுப் பார்ப்பதுபோல. அடியில் துணியின் நுனி விரலுக்கு அகப்பட்டது. இழுத்தால் வந்துவிடும். "யம்..." என்று ஒரு குரல் தொடங்கிற்று.

வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"மாதாவே, நான் என்ன செய்யப் பாத்தேன்?" என்று நெஞ்சில் சிலுவை போட்டாள். சிலுவை போடும்போதே அவளுக்குக் கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டி ஞாபகம் வந்தது. எத்தனை தடவை அதில் முழங்கால் போட்டிருக்கிறாள். என்றைக்காவது சாமியார் வலைத்தட்டிக்கு இந்தப் பக்கம் கையை நீட்டி, அவள் மடியில் இருந்த பாவத்தைத் தானே உருவி எடுத்தது உண்டா? அவர் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சொல்ல வேண்டியது அவள் வாய்தான். சாமியார் ஏன் தன் அங்கியைத் தானே துவைக்க ஆரம்பித்தார் என்று ரெஜினாளுக்கு அப்போது விளங்கியது. விளங்கியதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை நாளும் எல்லாரும் புரட்டவா வேண்டாமா என்றுதான் சண்டை போட்டார்களே தவிர, யார் கை புரட்டுகிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லையே.

அந்த நிம்மதியோடு, மறுநாள் பூசைக்குக் கட்ட வேண்டிய நீலச்சேலையை எடுத்து உடுத்திப் பார்த்தாள். மாதாவின் போர்வை நிறத்தில் நேர்ச்சையாக எடுத்த சேலை அது. ஒவ்வொரு தடவையும் ஜெரால்டை ரயிலேற்ற இதைத்தான் கட்டிக்கொண்டு போவாள், ரயில் போனதும் மடித்து வைத்துவிடுவாள். வாசல்படியில் காலை வைத்தவளை, சேலையின் கீழ்க்கரை கல் கட்டினதுபோலப் பிடித்து இழுத்தது. தடுமாறிக் கதவைப் பிடித்தாள்.

உட்கார்ந்து கரையைத் தூக்கிப் பார்த்தாள். கரை கிழியாமல் இருக்க உள்பக்கமாக வைத்துத் தைத்திருந்த ஃபால்ஸ் துணி, உப்பு நிரப்பின பை மாதிரி உப்பியிருந்தது. சேலைக்கு உள்பக்கம் இல்லை என்று யார் சொன்னது? அங்குலக் கணக்கில் இருந்திருக்கிறது, காலைச் சுற்றி, ஊர் முழுக்க. ஊக்கு முனையால் ஒரு தையலை மட்டும் நெம்பினாள். அவள் குரலே அவளிடம் ஏதோ சொன்னது. கேட்டுவிட்டு அந்த இடத்தை விரலால் அழுத்தி மூடினாள். பிறகு எழுந்து, வாளியையும் பழைய பிளேடு ஒன்றையும் எடுத்துக் கதவோரம் வைத்துவிட்டு, நிம்மதியாக உருளைக்கிழங்கு உரிக்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வருகிற நாள். பூசை முடிந்து வந்தவர்களும், கடை அடைத்தவர்களும், காரணமே இல்லாதவர்களும் சி பிளாக் மாடிக்கு வந்துவிட்டார்கள். சேர்மத்துரை கம்பத்துக்குச் சிமெண்டு குழைத்துக்கொண்டிருந்தார். ஜெரால்டும் நாலு பேரும் அந்த உடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து துவைக்கிற கல்லின்மேல் போட, கல் ஒரு முனகல் முனகியது. பர்னபாஸ் படிக்கட்டுத் தலைப்பில் கை கட்டி நின்றார்.

"ரெஜினாக்கா, ஒங்களுக்குக் கை வராதுன்னா சொல்லுங்க, நான் புரட்டுதேன்" என்று சண்முகக்கனி உடுப்பின் கையைப் பிடித்தாள். அவள் எதையும் ஆசையாகச் செய்கிறவள்.

ரெஜினாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மெதுவாகத்தான் பிடித்தாள், ஆனால் சண்முகக்கனி கையை எடுத்துவிட்டாள்.

"வேண்டாம் கனி. நீயும் புரட்ட வேண்டாம், நானும் புரட்ட மாட்டேன்."

"அப்ப துணி?" என்றார் சேர்மத்துரை, கரண்டியோடு.

"சாமியாரு பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள்ள இருந்துகிட்டு நம்ம பையில கைய விட்டா பாவத்த எடுக்காரு? நாமல்லா தம்பி சொல்லுதோம். சொன்னாத்தான் அது தீரும். பிடுங்குனா அது களவுல்லா."

கூட்டத்தில் ஒருத்தி, "அப்ப நாங்க இத்தன நாளும் களவா பண்ணோம்?" என்று கேட்டாள். ஏட்டையா சம்சாரம் தலையைக் குனிந்துகொண்டாள்.

ரெஜினாள் மகனை உட்காரவைத்து, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவன் எதிரே உட்கார்ந்தாள். கட்டியிருந்த நீலச்சேலையின் கீழ்க்கரையை மடிமேல் எடுத்துவைத்தாள். பிளேடைக் கையில் எடுத்தாள்.

"ஏல ஜெரால்டு, நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். மொதல்ல அம்ம சொல்லுதேன். நீ கேளு. பிறகு ஒன் இஷ்டம்."

அவள் என்ன செய்யப்போகிறாள் என்று முதலில் புரிந்துகொண்டது சேலை கட்டியிருந்த பெண்கள்தான். அவரவர் தங்கள் கரையைக் குனிந்து பார்த்தார்கள், பார்த்தவர்கள் முகமெல்லாம் மாறியது. பிறகு சண்முகக்கனி ஓடிப்போய் ஒரு குழாயைத் திறந்தாள். அடுத்தவள் அடுத்ததைத் திறந்தாள். பி பிளாக் மாடியிலும் திறந்தார்கள், ஏ பிளாக் மாடியிலும் திறந்தார்கள். தண்ணீரை யாராவது வீணாக்கினால் வீடு தேடி வந்து சத்தம் போடுகிற சேர்மத்துரை சிமெண்டுக் கையோடு எழுந்து, பெரிய தொட்டியின் வால்வையே திறந்துவிட்டார். குடியிருப்பு முழுவதும் மழை பெய்வதுபோல ஒரே இரைச்சல், படிக்கட்டில் வழிந்து, வாசலில் நின்ற சைக்கிள்களை நனைத்து, உப்பளத்துக்குப் போகிற ரோடுவரை தண்ணீர் ஓடியது. அந்த இரைச்சலுக்கு நடுவில், முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த தாய்க்கும் மகனுக்கும் மட்டும் ஒரு சின்னக் காய்ந்த இடம் இருந்தது.

ரெஜினாள் தையலைப் பிரித்தாள். ஒவ்வொரு ரயிலடியிலும் "போயிட்டு வா ராசா, மாதா தொணையிருப்பா" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்ன அந்தந்த நேரத்தில் சொல்லாமல் விட்டது ஒவ்வொரு சாண் துணியிலிருந்தும் வந்தது. "போகாதல." இன்னும் ஒரு சாண். "போகாதல, அம்மைக்குப் பயமா இருக்கு." இன்னும் ஒரு சாண். "கடல் தண்ணியப் பாத்தாலே எனக்கு அடிவயிறு இழுக்கு. ஒங்க அப்பா கொழும்புக்குப் போன ராத்திரிகள்லயும் நான் தூங்குனதில்ல. போகாதய்யா." கடைசித் தையல்வரை அதுதான், அது ஒன்றேதான், வேறு வேறு வருஷத்துக் குரலில். பிரித்து முடித்த ஃபால்ஸ் துணியை அவள் மகனிடம் கொடுத்தாள். அது தபால்தலை அளவுகூடக் கனக்கவில்லை.

ஜெரால்டு அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிறகு எழுந்து கல்லருகே போனான்.

ஒரே உடுப்பாகத் தைத்ததைப் புரட்டுவது லேசில்லை. ஜிப்பை இறக்கி, தலையை உள்ளே கொடுத்து, கால்நுனியைத் தேடிப் பிடித்து இழுக்க வேண்டும். அவன் தன் கைகளை விட்டான், தோளை விட்டான், இடுப்புவரை அந்த ஆரஞ்சுத் துணிக்குள் போய்விட்டான். வெளியே கால்கள் மட்டும் தெரிந்தன. பிறகு இழுத்தான். எஞ்சின் சத்தம்தான் முதலில் வந்தது, மாடித்தரை அதிர்ந்தது, தொட்டி நீர் வளையம் போட்டது. அந்தச் சத்தத்துக்கு அடியிலிருந்து ஜெரால்டின் குரல், போனில் அவன் அம்மாவிடம் சொன்ன ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் நின்ற பதிலைச் சொன்னது.

"யம்மா, சாப்பிடல. யம்மா, நல்லா இல்ல. தூக்கம் வரல. கண்ண மூடுனா சுவரு பக்கத்துல வருது. தண்ணிக்கு அடியில இருக்கேம்மா, சூரியனப் பாத்து எத்தன நாளாச்சு. அடுத்த கப்பல் வேண்டாம்மா. அப்பா எல்லார்ட்டயும் சொல்லிருப்பாவ. எப்படிச் சொல்ல?"

கால்நுனிவரை புரண்டு வந்தபோது உடுப்பு அவன் கையிலிருந்து நழுவிக் காற்றில் எழும்பியது. சண்முகக்கனி எட்டிப் பிடிக்காவிட்டால் உப்பளத்துக்கே போயிருக்கும். ஜெரால்டு நிமிர்ந்தான். அவன் எவ்வளவு உயரம் என்பதே அந்த மாடிக்கு மறந்துபோயிருந்தது.

ரெஜினாள் மகன் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். அழவில்லை. அவள் ஜெபத்தில் கேட்டது இதுதானே, கிடைக்கும் என்று தெரிந்தேதானே கேட்டாள்.

ஜெரால்டு படிக்கட்டுத் தலைப்புக்கு நடந்தான். அங்கே தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் நின்றிருந்த அப்பாவின் முன் நின்றான். இந்தத் தடவை துணிக்குக் கொடுக்காமல் வாயாலேயே சொன்னான், எல்லாருக்கும் கேட்கும்படி.

"அப்பா, நான் கப்பலுக்குப் போகல. இனிமே போக மாட்டேன். கரையில ஒரு வேல பாத்துக்கிடுவேன்."

பர்னபாஸ் வாயைத் திறந்தார். மூடினார். அவர் போட்டிருந்த வெள்ளைச்சட்டை ஒரு சாண் கீழே இறங்கியதை எல்லாரும் பார்த்தார்கள். கைப்பிடிச் சுவரைப் பிடித்து, படி படியாக இறங்கிப் போய்விட்டார்.

"போகட்டும்" என்றாள் ரெஜினாள். "வருவாவ."

அதற்குள் மாடியில் வேறு வேலை தொடங்கியிருந்தது. கண்ணாயிரத்தை சண்முகக்கனி கீழிருந்து கூட்டிவந்து ஒரு வாளி முன்னால் உட்காரவைத்திருந்தாள். "ஒங்க சட்டைய நீங்களே புரட்டுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கேன். சொல்லணும்னா சொல்லுங்க, இல்லன்னா தண்ணிக்குச் சொல்லுங்க." கண்ணாயிரம் சட்டையின் கையை உள்ளிருந்து இழுக்கத் தெரியாமல், மொத்தச் சட்டையையும் தலைவழியாக மாட்டிக்கொண்டு திணறினார். "ரசத்துக்கே இத்தனை பயம்னா இன்னும் என்னல்லாம் வச்சிருக்கேரோ" என்று யாரோ சொல்ல, மாடியே சிரித்தது. ஏட்டையா சம்சாரம் தன் வீட்டுக்காரரைக் கூட்டிவர ஆள் அனுப்பினாள். சேலை கட்டியிருந்த பெண்கள் ஒரு பிளேடைக் கைமாற்றி, கைப்பிடிச் சுவரோரம் ஆளுக்கொரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்கள்.

பெரிய தொட்டி தீருகிற நேரத்தில் பர்னபாஸ் மறுபடி மேலே வந்தார். சட்டையில்லாமல், வேட்டி மட்டும் கட்டிக்கொண்டு, கழற்றிய வெள்ளைச்சட்டையை இரண்டு கையாலும் பச்சைக்குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினார். மகன் உதவிக்குப் போனான், தலையசைத்து வேண்டாம் என்றார். ரெஜினாளின் கல்லில் அதைப் போட்டுவிட்டு, அவள் பக்கத்தில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்தார்.

"இதுல கைய எப்படி விடணும்?"

"ஒங்க சட்டைதான. விட்டுப் பாருங்க, வழி தெரியும்."

தடித்த விரல்களைக் கைமடிப்புக்குள் விட்டார், சிக்கியது. எடுத்தார், மறுபடி விட்டார். தோணியில் எத்தனையோ பாய்மரக்கயிற்றை அவிழ்த்த விரல்கள் ஒரு சட்டைக் கைக்குள் வழி தெரியாமல் தடவிக்கொண்டிருந்ததை ரெஜினாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கை அவளுக்குப் பரபரத்தது, மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள். அவர் விரலுக்கு நுனி அகப்பட்டதும், மரியாதை தெரிந்தவளாக எழுந்து, கல்லின் தலைப்பில் இருந்த குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீர் வாளியில் சடசடவென்று விழுந்தது.

பர்னபாஸ் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார்.

"கொழாய மூடு ரெஜினா" என்றார். "இது நீ கேக்கணும்."

அவள் மூடினாள். கடைசிச் சொட்டு விழுந்து அடங்கியது. அவர் இழுத்தார்.